வழியில் இல்லாத வீடு

1. சாவி கைக்கு வந்த நாள்

சபை வேனின் சாவி என் கைக்கு ஒரு சண்டையில்தான் வந்தது.

தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை உடைத்த பிறகு எங்கள் சபை ஜனங்கள் ஆளுக்கொரு மூலையாகப் போய்விட்டார்கள். சிலர் ஈஜோக் பக்கம் வீடு எடுத்தார்கள். சிலருக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. சில குடும்பங்கள் வேலை தேடிக் கடலோரம் சுங்கை செம்பிலாங் வரைக்கும் போய்விட்டன. நான் கோலசிலாங்கூரில், பாசாருக்குப் பின்னால் இருக்கிற தாமான் குடியிருப்பில் குடியேறினேன். கோயில் மட்டும் ஈஜோக்குக்கு உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவில், பழைய இடத்திலேயே நின்றது. சின்னக் கோயில், தகரக் கூரை, மேலே ஒரு சிலுவை. சுற்றி ஆளே இல்லாத தோட்டத்தில் மணி அடித்தால் யார் வருவார்கள்? அதற்காக ஒரு பழைய வேன் வாங்கினார்கள்.

வேன் வந்துவிட்டது. ஓட்டத்தான் ஆள் இல்லை. ஆராதனை முடிந்து போதகர் கேட்கிறார், ஆம்பிளைகள் எல்லாம் தரையைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்கு மில்லில் ஷிப்ட். ஒருவர் தனக்குக் கியர் வண்டி ஓட்ட வராது என்றார். அதே ஆள் அன்று காலையில் லோரியை ஓட்டிக்கொண்டுதான் வந்து இறங்கினார். எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்றேன்.

"வாரம் பூரா அடுத்தவங்க பிள்ளைங்களை ஸ்கூலுக்கு ஏத்தி இறக்குறேன். ஞாயித்துக்கிழமை உங்களை ஏத்துனா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்? சாவியைக் குடுங்க லா!"

போதகர் சிரித்துவிட்டார். அவர் கிள்ளானில் இருந்து வருகிறவர், மூன்று சபைகளைப் பார்க்கிறவர். "எஸ்தர் சிஸ்டர், நீங்க கத்துனதே ஆமென் சொன்ன மாதிரி இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவர். அவர் அப்போது இறந்துவிட்டிருந்தார். மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருந்தாள். வீட்டில் நான் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்பது, சொல்லப்போனால், எனக்குத்தான் தேவையாக இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

2. கஷ்ட வீட்டுக்குப் போகிற வேன்

என் ரூட் இதுதான். வீட்டில் இருந்து கிளம்பி, கடலோரமாகச் சுங்கை செம்பிலாங். அங்கே இருந்து ஜெராம், அப்புறம் உள்ளே திரும்பி ஈஜோக், கடைசியில் தோட்டத்து மண் ரோட்டில் கோயில். முதல் ஆள் எப்போதும் ரோசலின்.

ரோசலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் படகுகள் வந்து அணைகிற ஜெட்டியில் மீன் பிரிக்கிற வேலை. என் வயதுதான். வாயோ என்னைவிட ஒரு முழம் நீளம். முதல் வாரமே ஒரு பேசின் நிறைய மீனோடு வேனில் ஏறினாள், கோயிலில் யாருக்கோ கொடுக்க.

"வேனுக்குள்ள இந்த நாத்தத்தை ஏத்தாத" என்றேன்.

"சரி, என்னை இறக்கி விட்டுட்டு மீனை மட்டும் ஏத்திட்டுப் போ. காணிக்கையாப் போட்டுரு" என்றாள்.

அன்று முதல் எங்களுக்கு ஒத்துப்போனதே இல்லை. அவள் வரத் தாமதமானால் நான் ஹோன் அடிப்பேன். நான் ஹோன் அடித்தால் அவள் இன்னும் மெதுவாக நடப்பாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தால், அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேன் யாரையும் வீட்டில் விடாது. எல்லாரும் நேராக அந்தக் கஷ்ட வீட்டுக்குத்தான். "உங்களுக்கு என்ன வேணும், நாங்க வரலாமா" என்று கேட்கிற பேச்சே கிடையாது. கேட்டால் யார் "வாங்க" என்பார்கள்? வெட்கம் இருக்கிறது இல்லையா? அதனால் கேட்காமல் போவோம். யார் எந்த நாள் வந்து என்ன செய்வது என்பதெல்லாம் வேனுக்குள்ளேயே முடிவாகிவிடும். நான் கண்ணாடியில் முகங்களைப் பார்த்துக்கொண்டே கேட்பேன்.

ரோசலின் புருஷன் பக்கவாதம் வந்து படுத்தபோதும் அப்படித்தான். அவர் படகில் வேலை செய்தவர், நல்ல பாரியான ஆள். புரட்டிப் படுக்க வைக்கவே ரெண்டு பேர் வேண்டும்.

"புதன்கிழமை நான் வரேன், துணி துவைக்கணும்" என்றாள் ஒருத்தி.

"வெள்ளிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும். அவரைக் குளிப்பாட்டி விட்டுட்டுத்தான் போவோம்" என்றாள் இன்னொருத்தி.

ரோசலின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒருத்தரும் வர வேண்டாம், என் வீட்டுல உக்காரவே இடமில்ல" என்றாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாராவாரம் போனோம். அவர் இறந்த பிறகும் கொஞ்ச காலம் போனோம்.

நான் மட்டும் உள்ளே போனதில்லை. அந்தச் சந்து குறுகல், பின்னால் மீன் லோரிக்காரன் வந்து நின்று ஹோன் அடிப்பான். வேனை ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி, மெயின் ரோட்டு ஓரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே பாடுகிற சத்தம் கேட்கும். நானும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாடுவேன். எல்லாக் கஷ்ட வீட்டிலும் இப்படித்தான். ஜெபம் முடிகிற நேரத்துக்கு ஏசியைப் போட்டு வைப்பேன், ஏறுகிறவர்களுக்குக் குளுகுளுவென்று இருக்கட்டும் என்று. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. வண்டி ஓட்டுகிறவளின் இடம் வண்டிதானே என்று இருந்தேன்.

3. ரூட் சொல்லிக்கொடுத்தது

ஒரு நாள் ஜெராம் முச்சந்தியில் வலது பக்கம் வந்த மோட்டார் சைக்கிளை நான் பார்க்கவில்லை. கவனிக்கவில்லை என்று இல்லை, கண்ணுக்கே தெரியவில்லை. அவன் பிரேக் அடித்து நின்று மலாயில் திட்டினான். நியாயம்தான். ஸ்கூல் வேனில் பிள்ளைகள் இருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டி அவர்களை எண்ணிப் பார்த்தேன்.

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் டாக்டர் சின்னப் பெண், நம்ம தமிழ்ப் பிள்ளை.

"ஆன்ட்டி, கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு கெட்டுப்போச்சு. நேரா பாக்குறது தெரியும். ஓரத்துல உள்ளது போயிடுச்சு. போனது திரும்பாது. இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். வண்டி மட்டும் இனிமே வேண்டாம்."

"சாயங்காலம் பிள்ளைங்களை வீட்டுல விடணுமேம்மா" என்றேன்.

"வேற ஆளை விடச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அன்றைக்கே ஸ்டியரிங்கை விட்டேன். ஸ்கூல் வேனை ஒருவரிடம் விற்றேன். சபை வேனை ஓட்ட ஜெயசீலன் வந்தான். ஈஜோக்கில் வீடு, செம்பனை மில்லில் சூப்பர்வைசர், பொறுப்பான ஆள். என் வீட்டு வாசலில் வந்து சாவியை வாங்கிக்கொண்டான். அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ரூட் சொல்லிக்கொடுத்தேன்.

"ரோசலினுக்குச் சந்துக்குள்ள போகாத, முனையில நில்லு. ஜெராம்ல அந்தத் தாத்தாவுக்கு முட்டி மடங்காது, இடது கதவைத் திறந்து ஸ்டூல் போடு. ஈஜோக்ல கடைசி வீட்டுல நாய் இருக்கு, அவங்களா வர்ற வரைக்கும் இறங்காத. மழை பெஞ்சா தோட்டத்து ரோட்டுல நடுவுல போ, ஓரம் இழுத்துடும்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். எல்லா வீட்டையும் சொன்னேன், என் வீட்டைத் தவிர. நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்த ரூட்டில் என் வீடு ஒரு ஸ்டாப்பாக என்றைக்குமே இருந்ததில்லை. வேன் அங்கே இருந்து கிளம்பும், அவ்வளவுதான். இனி அது ஈஜோக்கில் இருந்து கிளம்பும்.

4. சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தது

முதல் ஞாயிறு வழக்கம் போல எழுந்தேன். சேலை கட்டி, பையில் வேதபுத்தகத்தை வைத்துக்கொண்டு, போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவனுக்குச் சொல்லவா வேண்டும், வந்துவிடுவான் என்று நினைத்தேன். வெயில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"தா பெர்கி கெரெஜா கா?" என்றாள். கோயிலுக்குப் போகலையா என்று.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். சேலையை அவிழ்க்க மனசில்லை. இந்நேரம் பாட்டு ஆரம்பித்திருப்பார்கள் என்று நானும் ஒரு பாட்டை எடுத்தேன். வேனில் இருந்து பாடும்போது உள்ளே பாடுகிறவர்கள் சத்தம் என்னைத் தாங்கிக்கொள்ளும். இங்கே என் குரல் மட்டும் சுவரில் பட்டு வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு அழுதேன்.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே. போனில் செய்திகள் வந்தன. சபை குரூப்பில் யாரோ "எஸ்தரக்காவுக்காக ஜெபிக்கிறோம்" என்று போட, வரிசையாகக் கை கூப்பின படம் வந்துகொண்டே இருந்தது. கை வந்தது, ஆள் வரவில்லை.

கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. போனை எடுப்பேன், வைப்பேன். நான் ஏன் கூப்பிடணும்? ஒருத்தரையாவது கெஞ்ச வைத்திருக்கிறேனா? அவர்களாகத் தோன்ற வேண்டாமா? கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு அடியில் இருந்தது பயம். ஒருவேளை அவர்களுக்கு நான் தேவையில்லை, வேன்தான் தேவைப்பட்டது. வேன் கிடைத்துவிட்டது. இனி எஸ்தர் எதற்கு? நான் கேட்டு, அவர்கள் மழுப்பினால், அது உண்மை என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதே மேல் என்று இருந்தேன்.

பகல் முழுக்க வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. சொட்டு மருந்தை நானே ஊற்றுவேன். தலையைச் சாய்த்தால் குப்பி தெரியாது, குப்பியைப் பார்த்தால் குறி தப்பும். ஒரு சொட்டு கண்ணில் விழுந்தால் இன்னொன்று கன்னத்தில் ஓடும். டாக்டர் அம்மா சொன்னது ஞாபகம் வரும், இருக்கிறதைக் காப்பாத்தலாம் என்று. எங்கே காப்பாற்றுகிறேன்?

சபைக்கு வராமல் நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் முடிவெடுத்து நிற்பதில்லை. ஒரு வாரம் விட்டுப்போகும், அடுத்த வாரம் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். மூன்றாவது ஞாயிறு நான் சேலை கட்டவில்லை. கைலியோடு சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். எனக்கும் பழக ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

5. பச்சை கேட்

அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம், தெருவில் ஒரு கத்தல்.

"எஸ்தரு! ஏ எஸ்தரு! உன் வீடு எதுடி?"

என் பெயரை இப்படிப் பகிரங்கமாகக் கத்துகிற ஆள் சிலாங்கூரிலேயே ஒருத்திதான். வாசலுக்குப் போனேன். குடை மட்டும்தான் முதலில் கண்ணில் பட்டது. அதற்குள் மீன் வாடை வந்துவிட்டது.

"இங்க இருக்கேன். ஊரையே கூட்டாத."

ரோசலின் வியர்த்து வழிந்து நின்றாள். சுங்கை செம்பிலாங்கில் இருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"பச்சை கேட்டுன்னு சொன்னான் அந்த ஜெயசீலன். இந்தத் தெருவுல எந்தக் கேட்டு பச்சை இல்ல? வீட்டுக்கு வீடு மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்."

"எதுக்கு வந்த?"

"சண்டை போட. கதவைத் தொற."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தாள். ஒற்றை ஆளுக்குக் கிடந்த தட்டையும் கோப்பையையும் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்துல உன் வீட்டுக்குள்ள நான் வந்ததே இல்ல, பாரு."

"ஒருத்தரும் வந்ததில்ல" என்றேன்.

"ஏன் கோயிலுக்கு வரல?"

"யாரு வந்து கூட்டிட்டுப் போனா?"

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஜொகூருக்கு மக வீட்டுக்குப் போயிட்டேன்னு யாரோ சொன்னாங்க. மெசேஜ் போட்டா பதில் இல்ல. வேனைக் கொடுத்த கோவத்துல இருக்கேன்னு சில பேரு சொன்னாங்க. உன் கோவம் தெரியாதா எங்களுக்கு? ஆறட்டும்னு விட்டோம். நேத்துத்தான் ஜெயசீலன்கிட்ட கேட்டேன், எஸ்தரை எங்க ஏத்துறேன்னு. அப்படியே முழிக்கிறான். 'அக்கா ஸ்டாப் சொல்லவே இல்லையே' ங்கிறான்."

"சொல்லணுமா?"

"நீயும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"நான் ஏன் பண்ணணும்? நீங்க யாராவது போன் பண்ணி ஏத்திக்கிட்டுப் போன்னு சொன்னீங்களா? நானா வரல?"

"வந்த."

"அப்புறம் என்ன?"

அவள் குடையை மடக்கி நாற்காலியில் சாய்த்தாள். நான்தான் முதலில் இறங்கி வந்தேன். "விடு ரோசி. அவன் ஈஜோக்ல இருந்து நேரா ஜெராம் பக்கம் வந்துடுறான். எனக்காகக் கோலசிலாங்கூர் வரைக்கும் சுத்தணும். என் வீடு வழியில இல்ல."

அவளுக்கு அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. மேசையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"யாரு வீடுடி வழியில இருந்துச்சு? என் வீடு வழியிலயா இருந்துச்சு? சேத்துல இருந்துச்சு, அதுக்கப்புறம் கடல்தான். நீ வரலையா? அந்த ஆளு படுத்துக்கிடந்தப்ப ஒருத்தரும் வர வேண்டாம்னேனே, நீ கேட்டியா? வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போனியா?"

என்னால் அதற்குமேல் வீராப்பு காட்ட முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்கு ரோசி. ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டே வருது. ஒரு நாளு முழுசா மூடிட்டா, இந்த வீட்டுல நான் மட்டும் என்ன பண்ணுவேன்?"

ஆறுதல் வார்த்தை ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். வசனம் சொல்வாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"இன்னைக்கு மருந்து போட்டியா?" என்றாள்.

"கன்னத்துலதான் போச்சு."

எழுந்து போய்க் கையைக் கழுவினாள். "மீன் கைதான், ரெண்டு தடவ சோப்பு போட்டுட்டேன், கத்தாத" என்று வந்து, என் தலையை மடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்து, சொட்டு விட்டாள். சரியாக நடுவில் விழுந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். ஒருத்தர் என்னைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

6. எனக்கு ஒரு சீட்

அடுத்த ஞாயிறு வேன் வந்தது. ஜெயசீலன் இறங்கி வந்து, "அக்கா, தப்பாப் போச்சு" என்றான். "நானும் சொல்லலையே, ஏறு ஏறு, நேரமாச்சு" என்றேன். ரோசலினை அவன் முதலிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். ரூட்டே தலைகீழாகிவிட்டது. ஜெராமில் அந்தத் தாத்தா காத்திருந்து முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

ஏறுகிற இடத்தில் எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அந்த வேனில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ஆள் உண்டு, அது எனக்கு மனப்பாடம். எனக்கென்று இருந்தது ஸ்டியரிங் மட்டும்தான். நின்றுகொண்டே இருந்தேன். ரோசலின் கொஞ்சம் நகர்ந்து, தன் ஜன்னல் சீட்டைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"வாசம் அடிக்கும், பரவாயில்லையா?"

"பழகிப்போச்சு" என்று உட்கார்ந்தேன்.

அன்று ஆராதனை முடிந்து வேன் யாரையும் வீட்டில் விடவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தது. நான் முதல்முறையாக உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஜெயசீலன் வெளியே வேனைத் திருப்பிக்கொண்டிருந்தான். பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் எழுந்து வாசலுக்குப் போய்க் கத்தினேன். "டேய், எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு உள்ள வா. லோரி வந்தா ஹோன் அடிக்கட்டும்."

சபை வேலை என்று சாவியை வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ரூட் சொல்லும்போது உங்கள் வீட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய் வராது. எனக்கு வரவில்லை. வராவிட்டாலும் சொல்லுங்கள். சொல்லாமல் இருக்கிற ஆள் யாராவது உண்டா என்று வேனில் ஏறி உட்கார்ந்து வருகிறவர்களும் ஒரு நாள் யோசியுங்கள். அநேகமாக அது உங்களுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற ஆளாக இருக்கும்.

என் தனிமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். திங்கட்கிழமை இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ரோசலின் புதன்கிழமை பஸ் ஏறி வந்து மருந்து விட்டுச் சண்டையும் போட்டுவிட்டுப் போகிறாள். சபையில் இன்னும் ரெண்டு பேர் நாள் பிரித்துக்கொண்டு வருகிறார்கள். மற்ற நாட்களில் நானே ஊற்றுகிறேன், பாதி கன்னத்தில் போகிறது. துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு ஊற்றுகிறேன்.